குழுவை நடத்துமுன் குழுவில் உட்காருங்கள்

ஒரே மாதிரிச் சிக்கல் உள்ள சிலரை ஒன்றாக உட்காரவைத்து, பேச்சின் வழியே உதவும் குழு சிகிச்சையாளர் ஆவது எப்படி என்று கேட்டு வரும் மாணவர்கள் பெரும்பாலும் பட்டத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அதை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த வேலைக்கென்று தனிப் பட்டத்தைத் தேடி அலையாதீர்கள். மனநல மருத்துவம், கிளினிக்கல் சைக்காலஜி, மனநல சமூகப் பணி ஆகிய வாசல்களில் ஒன்றின் வழியாக உள்ளே வாருங்கள். கிளினிக்கல் சைக்காலஜி என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் உள்ள படிப்பா என்று கட்டணம் கட்டுமுன் பார்த்துவிடுங்கள்.

நான் எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) முடித்து, குடிநோய் மறுவாழ்வு மையம் ஒன்றில் சேர்ந்தவள். முதல் அமர்வில் 9 பேர். அமைதி விழுந்தால் பயந்துபோய் நானே பேசி நிரப்பினேன். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு லாரி ஓட்டுநர் கேட்டார்: "அம்மா, நீங்கள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டால் நானும் ஒரு வார்த்தை சொல்லலாமா?" எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின்தான் அது குழுவானது.

ஆகவே, நடத்துவதற்கு முன் உறுப்பினராக உட்காருங்கள். பயிற்சி பெறுபவர்களே உறுப்பினர்களாக உட்காரும் பயிற்சிக் குழு கிடைத்தால் விடாதீர்கள். உங்கள் முறை வரும்போது தொண்டை அடைப்பதை அங்கேதான் அறிவீர்கள். குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் திறந்த கூட்டங்களுக்கு யாரும் போகலாம். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது அது. அங்கே சிகிச்சையாளரே கிடையாது என்பதால் அது குழு சிகிச்சை ஆகாது. ஆனால் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் அறிவுரை சொல்லாமல் கேட்கும் பழக்கத்தை அங்கே பார்க்கலாம். நமக்கோ அறிவுரை நாக்கு நுனியிலேயே இருக்கிறது.

பிறகு, அனுபவசாலி ஒருவருக்கு இணை சிகிச்சையாளராக ஓராண்டாவது இருங்கள். 7, 8 பேர், ஒன்றரை மணி நேரம், வாரம் ஒருமுறை, அதே அறை. நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். நடுவில் மேசை வேண்டாம். வராதவரின் நாற்காலியை எடுத்துவிடாதீர்கள். அது காலியாகக் கிடந்தால், "அவர் மறுபடியும் குடித்துவிட்டாரோ?" என்று யாராவது கேட்பார்கள். அன்றைய வேலை அங்கிருந்து தொடங்கும்.

சேர்க்குமுன் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தியுங்கள். இங்கே பேசுவது வெளியே போகக்கூடாது என்று சொல்லும்போது, உங்கள் வாயை உங்களால் கட்ட முடியும், மற்றவர்கள் வாய்க்கு உறுதி தர முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிறிய ஊரில் இது சாதாரண விஷயம் அல்ல. என் குழுவில் ஒருமுறை சம்பந்தி வீட்டார் இருவர் எதிரெதிரே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவரை வியாழக்கிழமைக் குழுவுக்கு மாற்றினேன்.