கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவது: முதலில் கழற்ற வேண்டியது மேல் பிளக்

என்ஜின் ஆயில் ஓட ஓடக் கொஞ்சம் எரிந்து குறையும். கியர்பாக்ஸ் ஆயில் அப்படிக் குறையவே கூடாது. அளவு இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஆயிலை மட்டும் நிரப்பினால் சில மாதங்களில் பேரிங் ஊளையிடத் தொடங்கிவிடும். இங்கே சொல்வது முன்சக்கரம் இழுக்கும் சிறிய கார்களின் மேனுவல் கியர்பாக்ஸுக்கு. ஆட்டோமேட்டிக், சிவிடி (படிகளே இல்லாமல் வேகம் மாற்றும் கியர்பாக்ஸ்) இரண்டுக்கும் ஆயிலும் வேறு, முறையும் வேறு.

ஆயில் வாங்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று ஆயிலின் வகை போட்டிருக்கும். எண் பெரியது என்பதால் ஜிஎல்-5 உசத்தி என்று நினைத்துவிட வேண்டாம். அது முக்கியமாக டிஃபரென்ஷியலில் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பகுதி) உரசிச் சுழலும் ஹைபாய்டு வகைப் பற்களுக்கானது. அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஏறத்தாழ இரட்டிப்பு. மேனுவல் கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோ ரிங்குகள் இருக்கின்றன. கியர் மாற்றும் நொடியில் அந்த ரிங் உரசிப் பிடித்து வேகத்தைச் சமன் செய்ய வேண்டும். ஜிஎல்-5 அந்தப் பிடிப்பை வழுக்கவிடும். சில வகைகளின் கந்தகம் பித்தளையையே அரிக்கும். வண்டியின் கையேட்டில் ஜிஎல்-4 என்றிருந்தால் ஜிஎல்-4 மட்டும்தான்.

கெட்டித்தன்மையும் கையேட்டில் உள்ளதுதான். 75டபிள்யூ-80 கேட்கும் வண்டியில் 80டபிள்யூ-90 ஊற்றினால் காலைக் குளிரில் இரண்டாம் கியர் விழ மறுக்கும். 90 என்ற எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம், கியர் ஆயிலின் அளவுகோலே தனி. என்ஜின் ஆயிலில் 40, 50 என்பதன் கெட்டித்தன்மைதான் அது. பெரும்பாலான சிறிய கார்களுக்கு 2 லிட்டருக்குச் சற்று முன்பின் பிடிக்கும் என்பதால் 3 லிட்டர் வாங்கி வையுங்கள். பிளக்குகளுக்குப் புது வாஷரும் வேண்டும். சில வண்டிகளில் வாஷர் இருக்காது. மரையில் சீலன்ட் பேஸ்ட் தடவித்தான் மாட்டுவார்கள்.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயில் இளகினால்தான் அடியில் தங்கிய துகளும் சேர்ந்து இறங்கும். நிறுத்தும் தரை சமமாக இருக்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால், ஆயில் ஊற்றும் துளை இருக்கும் இடத்தைப் பொறுத்து அளவு கூடவோ குறையவோ காட்டும். பிட் (வண்டிக்கு அடியில் இறங்கி நிற்கும் குழி) இருக்கும் ஷெட் நல்லது. இல்லையென்றால் நான்கு ஸ்டாண்டில் சமமாக நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்கவே படுக்காதீர்கள்.

இப்போது மேலே உள்ள, ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றுங்கள். கீழ் பிளக்கில் கை வைப்பதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும். கீழே வடித்துவிட்டு மேலே வந்தால், அது துருப்பிடித்து இறுகியிருக்கும், தலை வழுக்கிவிடும். ஆயில் இல்லாத கியர்பாக்ஸோடு வண்டி அங்கேயே நின்றுவிடும். பிளக் கழன்று வராவிட்டால் துருநீக்கி அடித்துச் சிறிது நேரம் ஊறவிடுங்கள். தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பேனர் மட்டும் போடுங்கள்.

கீழ் பிளக்கைத் திறந்து கால் மணி நேரமாவது வடியவிடுங்கள். வடிந்ததை அளந்து பாருங்கள். கையேட்டு அளவைவிட அரை லிட்டர் குறைந்தால் ஒழுகல் உறுதி. பல பிளக்குகளில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல்நிற மசி படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு கிடைத்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆயில் பால்கலந்த காபி போலிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் மூழ்கிய வண்டிகளைப் போல உங்கள் கார் நீரில் நின்றிருந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றிவிடுங்கள். சூடான கியர்பாக்ஸ் திடீரெனக் குளிரும்போது ப்ரீதர் (காற்று போய்வரும் சிறு துளை) வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் பழக்கம் மட்டும் வேண்டாம். மிச்சம் நிற்பது புது ஆயிலை நீர்க்கச் செய்துவிடும்.

கீழ் பிளக்கை மரை பிடித்துக் கையால் திருகிய பிறகே ஸ்பேனரால் இறுக்குங்கள். உறை அலுமினியம், முரட்டு இறுக்கில் மரை போய்விடும். டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) இருந்தால் கையேட்டு அளவுக்கு வையுங்கள்.

நிரப்ப, பானெட்டிலிருந்து நீளமான டியூபும் புனலும் போதும். ஆயில் டப்பாவை முன்கூட்டியே வெயிலில் வைத்தால் சீக்கிரம் இறங்கும். மேல் துளையின் கீழ் உதட்டில் ததும்பி வழியத் தொடங்கும்போது நிறுத்தி, வழிவது சொட்டாகும் வரை விட்டு மூடுங்கள். கூடுதலாக அடைத்தால் நுரைத்து ப்ரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ வெளியேறும்.

கொஞ்ச தூரம் ஓட்டி எல்லா கியரும் போட்டுப் பாருங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, அது உரசினால் ஆயிலைக் குறை சொல்ல முடியாது. ஒரு வாரம் கழித்து, சக்கரங்களைச் சுழற்றும் இரண்டு டிரைவ் ஷாஃப்டும் கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரமிருந்தால் அந்த ஆயில் சீலை மாற்ற வேண்டும். ஷாஃப்டில் ஈரமில்லை, ஆனால் என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து கந்தக வாடையோடு ஆயில் சொட்டுகிறது என்றால் கசிவது இன்புட் ஷாஃப்ட் (என்ஜினிலிருந்து விசையை உள்ளே கொண்டுவரும் தண்டு) சீல். தள்ளிப்போட்டால் கிளட்ச் தட்டு நனைந்து வழுக்கும், பிறகு தட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.