டைவிங் குழுவில் ஒருவர் கருவி மக்கர் செய்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து விமானம், போர்ட் பிளேரிலிருந்து கப்பல், ஹேவ்லாக்கில் நாலு நாள், எட்டு டைவ். அந்தமானுக்குக் குழுவாகக் கிளம்புகிறவர்களின் திட்டம் அநேகமாக இப்படித்தான் இருக்கும். இதில் பழுதுக்கென்று ஒதுக்கிய நேரம் எதுவும் இல்லை. ஒருவருடைய கருவி மக்கர் செய்தால் படகு முழுக்கக் காத்திருக்கிறது. அந்தக் கூச்சத்தில் எடுக்கும் முடிவுகள்தான் கவலைக்குரியவை. மாஸ்க்கில் ஆவி படிவது, எடை பெல்ட்டை மறப்பது போன்றவற்றை முதல் நாளே யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடலாம்.

சீறும் டேங்கை இன்னும் இறுக்குவது

வால்வைத் திறந்ததும் ரெகுலேட்டர் (டேங்க் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) உட்காரும் இடத்தில் ‘ஸ்ஸ்’ என்று காற்று கசியும். உடனே அதை டேங்கோடு பிடித்து வைக்கும் யோக் திருகைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குவார்கள். அங்கே காற்றை அடைப்பது திருகின் பலம் அல்ல. வால்வு முகப்பில் இருக்கும் சின்ன ஓ-ரிங். அது கீறியிருந்தாலோ நசுங்கியிருந்தாலோ எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. சத்தம் தற்காலிகமாக நின்றாலும், பாதி பிதுங்கிய ரிங் தண்ணீருக்குள் வெடித்துப் போகலாம்.

வால்வை மூடுங்கள். ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியில் உள்ள பர்ஜ் பட்டனை அழுத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி, பழைய ரிங்கை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துங்கள். யோக் டேங்குக்கு வழக்கமான அளவு 014. பள்ளத்தில் மணல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு கைப்பிடி இறுக்கம் போதும். மொத்தம் இரண்டு நிமிட வேலை. டின் (DIN) எனப்படும், திருகி மாட்டும் வகையில் ரிங் டேங்கில் இருக்காது, ரெகுலேட்டரிலேயே இருக்கும். தேடும் இடம் மாறும்.

வால்வைப் பாதி திறந்துவிட்டு இறங்குவது

இறங்கும் முன், டேங்க் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டே நாலு முறை ஆழமாக இழுத்து மூச்சு விடுங்கள். முள் ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. மேலே தாராளமாகக் காற்று வந்தது போலிருக்கும். 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று தேவைப்படும்போது திணறும்.

கம்ப்யூட்டர் செத்ததும் இன்னொருவருடையதைக் கட்டிக்கொள்வது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

மூன்றாம் நாள் காலை. ஒருவருடைய டைவ் கம்ப்யூட்டர் திரை வெறுமையாகக் கிடக்கிறது. பக்கத்திலிருந்து குரல் வரும்: “எனக்குக் காது வலி, நேத்துல இருந்து இறங்கல மச்சி. என்னோடத கட்டிக்கோ.” நல்ல மனசுதான். ஆனால் ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலிருந்து உடம்பில் சேரும் நைட்ரஜனைக் கம்ப்யூட்டர் அளப்பதில்லை. தான் எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது, அவ்வளவே. ஒரு நாளாக அறையில் ஓய்வெடுத்த கம்ப்யூட்டருக்கு, அதைக் கட்டிக்கொண்டவரின் நாலு டைவ் பற்றி எதுவும் தெரியாது. டைவிங் பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) அட்டவணைப்படி 18 மீட்டரில் முதல் டைவுக்கு 56 நிமிடம் வரை இருக்கலாம். அந்தச் சலுகையை, நைட்ரஜன் ஏற்கெனவே ஏறிய உடம்புக்கு அது தாராளமாகக் கொடுக்கும்.

இதற்கு இன்னும் இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, படகிலேயே பேட்டரி மாற்றுவது. பல மாடல்களில் பேட்டரியைக் கழற்றினால் முந்தைய டைவ்களின் கணக்கு அழிந்துவிடும். திரை எரிகிறதே என்று சந்தோஷப்படுவார்கள். மாற்றியபின், விமானம் ஏறாமல் காத்திருக்கச் சொல்லும் ‘பறக்கக் கூடாது’ நேரம் காணாமல் போயிருந்தால், அது எல்லாவற்றையும் மறந்துவிட்டது என்று அர்த்தம். தவிர, ஈரக்கையோடு மூடிய மூடியின் வழியே தண்ணீர் புகுந்து கம்ப்யூட்டரே போய்விடும். இரண்டாவது, ஜோடியாக இறங்குபவரை (buddy, ‘படி’) நம்பி, “படி பக்கத்துலயே இருக்கேன், அவர் கம்ப்யூட்டர் போதும்” என்பது. ஒருவர் மீன் பார்க்க இரண்டு மீட்டர் கீழே போனாலே கணக்கு வேறு. முந்தைய நாள் டைவ்களும் இருவருக்கும் ஒன்றாக இருந்திருக்காது.

தண்ணீருக்குள் செத்துப்போனால் அந்த டைவ் முடிந்தது. படிக்குச் சைகை காட்டுங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலேறுங்கள். காற்று இருந்தால் 5 மீட்டரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் நின்று வெளியே வாருங்கள். அதன்பின் 24 மணி நேரம் டைவ் கிடையாது. வேறு கம்ப்யூட்டரை அதற்குப் பிறகே கட்டலாம். ஆம், கட்டிய பணத்தில் இரண்டு டைவ் போகும். மிஞ்சிய நைட்ரஜனால் மூட்டு வலியும் மரத்துப்போதலுமாக ஆக்சிஜன் மாட்டிக்கொண்டு தீவிலிருந்து சிகிச்சைக்குக் கிளம்புவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

இழக்க விருப்பமில்லையா? முதல் டைவிலிருந்தே இரண்டாவது கம்ப்யூட்டர் ஒன்றைப் பி.சி.டி.யின் (காற்று ஊதி மிதவையைச் சரிசெய்யும் ஜாக்கெட்) பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுத்தாலும் சரி. ஒன்று செத்தால் மற்றது தொடரும், இரண்டும் உங்கள் கூடவே இறங்கியவை. பேட்டரியை ஊரிலேயே மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

கொட்டும் ரெகுலேட்டரைத் தட்டிக் கொட்டி அடுத்த டைவுக்கும் எடுப்பது

குளிர்ந்த ஏரிகளில் உள்ளே பனி உறைந்து காற்று கொட்டும். அந்தமான் கடல் 27, 28 டிகிரி. இங்கே காரணம் அதுவல்ல. குதிக்கும்போது வாய்ப்பகுதி மேல்நோக்கி இருந்தால் கொட்டும். கீழ்நோக்கித் திருப்பினால் நின்றுவிடும். அப்படி நிற்காவிட்டால் மணல் சிக்கியிருக்கிறது, அல்லது ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் (ரெகுலேட்டரின் டேங்கோடு சேரும் பகுதி) காற்றை அடைக்கும் சீட் தேய்ந்து, அங்கிருந்து வாய்ப்பகுதிக்குப் போகும் குழாயின் நடு அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டாவது என்றால் தட்டினால் சரியாகாது, அதை மேசையில் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் நடந்தால் வாயை முழுதாக மூடாமல், மிஞ்சும் காற்றைப் பக்கவாட்டில் போகவிட்டு உறிஞ்சியபடி படியின் ஆக்டோபஸுக்கு (அவரிடம் உள்ள உபரி வாய்ப்பகுதி) மாறி, மேலே வாருங்கள்.

இன்ஃப்ளேட்டர் சிக்கிக்கொண்டால் பட்டனோடு மல்லுக்கட்டுவது

இன்ஃப்ளேட்டர் என்பது பி.சி.டி.க்குள் காற்றை ஊதும் பட்டன். உப்பு படிந்தால் அது அழுத்திய நிலையிலேயே நின்றுவிடும், பி.சி.டி. ஊதும், ஆள் மேலே பறப்பார். முதலில் குழாயின் இணைப்பைப் பின்னுக்கு இழுத்துக் கழற்றுங்கள். கூடவே பி.சி.டி. காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வை இழுத்துக்கொண்டே மூச்சை விட்டுக்கொண்டிருங்கள். கரையில் நாலைந்து முறை கண்ணை மூடிக் கழற்றிப் பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் கை போகும்.

ரெகுலேட்டரில் எண்ணெய் ஸ்பிரே

கூடவே கூடாது.

உதிரி கொண்டுவராதது

மாஸ்க் பட்டை, ஃபின் பட்டை, பத்து ஓ-ரிங், மவுத்பீஸ் ஒன்று, ஜிப் டை நாலு. குழுவுக்கு ஒரு டப்பா போதும்.

இழந்த டைவைக் கடைசி நாளில் ஈடுகட்டுவது

பல நாள் டைவ் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். காலை 8 மணி விமானம் என்றால் முந்தைய நாள் பிற்பகல் 2 மணிக்குள் தண்ணீரை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.