ரஸ்ட்டில் வேலை வரிசை: முதலில் எல்லை, பிறகுதான் மற்றது

ரஸ்ட் நிரல்மொழியில் பல வேலைகளை ஒருங்கே ஓட்ட உதவும் டோக்கியோ (Tokio) லைப்ரரியில் வேலை வரிசை கட்டுகிறீர்களா? கொள்ளளவை முதலில் முடிவு செய்யுங்கள். நான் சோம்பல்பட்டு, வேலைகளைக் கடத்தும் சேனலை அன்பவுண்டடாக, அதாவது எல்லையில்லாமல் போட்டேன்; வேலைகள் குவிந்து, நள்ளிரவில் மெமரி தீர்ந்து புரோகிராம் செத்தது. இப்போது எம்பிஎஸ்சி (mpsc: பலர் அனுப்ப, ஒருவர் பெறும்) சேனலுக்கு 100 என்று எல்லை கொடுக்கிறேன். நிரம்பினால் சென்ட், இடம் கிடைக்கும்வரை அவெயிட்டிலேயே நிற்கும், அனுப்பும் பக்கம் தானாக வேகம் குறையும். காத்திருக்க முடியாதென்றால் டிரை_சென்ட். இடமில்லாவிட்டால் உடனே எரர் வரும்.

என்னை அரைநாள் அலைக்கழித்தது வேறொன்று: வேலைகளை எடுத்துச் செய்யும் ஒர்க்கர் லூப் முடியவே இல்லை. சேனலின் அனுப்பும் முனையான சென்டரை குளோன் (நகல்) செய்து டாஸ்க்குகளுக்குக் கொடுத்துவிட்டு, மூலத்தை மெயினிலேயே வைத்திருந்தேன். எல்லா சென்டரும் போனால்தான், மிச்ச வேலைகள் தீர்ந்தபின் ரிசீவ் 'நன்' (None: இனி எதுவும் வராது) தரும். சேர்த்தது, மெயினில் இருந்த அந்த மூல சென்டரை விடுவிக்கும் டிராப்(டிஎக்ஸ்), ஒரே வரி!

கடைசியாக ஒன்று: சிபியூவைப் பிழியும் கணக்கை, தனி த்ரெட்டில் ஓட்டும் ஸ்பான்_பிளாக்கிங்கில் தள்ளிவிடுங்கள்.