ஃபோம் ஒட்டும் முன்

வீட்டில் பாடிப் பதிவுசெய்யத் தொடங்கும் யாராவது தங்கள் அறையைப் படமெடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். நாலு சுவரிலும் ஒலியை உறிஞ்சட்டும் என்று கூர்கூராகக் கருப்பு ஃபோம். கூடவே ஒரு கேள்வி: "அண்ணா, இவ்வளவு ஒட்டியும் பாட்டு ஏன் குடத்துக்குள்ள கேக்குற மாதிரியே இருக்கு?" படத்தைப் பார்த்ததும் எரிச்சல் வரும். அவர்கள் மேல் இல்லை, இதையே இரண்டு முறை செய்த என் மேல்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது உதவாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். மற்ற தவறுகள் இவை.

மெல்லிய ஃபோமால் சுவரை மூடுவது

என் முதல் அறை 4 மீட்டர் நீளம். 2.5 செ.மீ. ஃபோமால் இண்டு இடுக்கு விடாமல் மூடினேன். கை தட்டினால் 'டப்' என்று அங்கேயே செத்தது. ஸ்டூடியோ ஆகிவிட்டது என்று பூரித்துப்போனேன். அங்கே மிக்ஸ் செய்த பாட்டை நண்பரின் காரில் போட்டபோது கதவே அதிர்ந்தது. அவ்வளவு பேஸ், அதாவது அடித்தொனி.

ஃபோம் போதவில்லை போலும் என்று அதன் மேலேயே இன்னோர் அடுக்கு ஒட்டினேன். ட்ரெபிள், அதாவது உச்சத்தொனி, இன்னும் செத்தது. பேஸ் அப்படியே இருந்தது.

விஷயம் அலைநீளத்தில் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 3000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 3000 அதிர்வு) ட்ரெபிள் அலையின் நீளம் 11 செ.மீ. சொச்சம், 100 ஹெர்ட்ஸ் பேஸ் அலையோ கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். ஃபோமும் ராக்வூலும் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) தங்கள் துளைகளுக்குள் காற்று அசைந்து உராயும்போதுதான் ஒலியைத் தின்கின்றன. சுவரை ஒட்டிய காற்றுக்கு அசைய இடமில்லை. அசைவு உச்சத்துக்கு வருவது சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி. 100 ஹெர்ட்ஸுக்கு அது 86 செ.மீ. சுவரோடு ஒட்டிக்கிடக்கும் 2.5 செ.மீ. ஃபோமுக்கு அங்கே என்ன வேலை?

இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1895-இல் ஹார்வர்டின் ஒரு விரிவுரை அறையைச் சீராக்க இறங்கியபோது, அரங்க இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி எதிரொலி அடங்கும் நேரத்தை அளந்தார். ஒலிக்கு ஆர்கன் குழல், 512 ஹெர்ட்ஸ். அதே மெத்தை 50 ஹெர்ட்ஸில் அவ்வளவு உழைக்காது. 'நன்றாக உறிஞ்சும்' என்று யாராவது விற்றால், எந்த ஹெர்ட்ஸில் என்று கேளுங்கள்.

என் கதையில் இன்னொரு கோளாறும் உண்டு. 4 மீட்டர் அறையின் முதல் நிலையலை (எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பி நின்ற இடத்திலேயே அதிரும் அலை) 43 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும். அறையின் நட்டநடுவில் அது கேட்கவே கேட்காது. என் நாற்காலி சரியாக அங்கே. ஒருநாள் அந்த ஒற்றைத் தொனியை ஓடவிட்டுப் பின்சுவரை நோக்கி நடந்தேன். நாற்காலியில் நிசப்தம், சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது வயிற்றில் உறுமல். இத்தனை நாளும் கேட்காத பேஸை நான் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஃபோமைப் பிய்த்தெடுத்தேன், பெயின்ட்டும் சேர்ந்தே வந்தது. நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்தினேன். 10 செ.மீ. ராக்வூல் பேனல்களைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி மாட்டினேன். மூலைகளில் இன்னும் தடிமனாக, குறுக்காக நிறுத்தினேன். அறையின் எல்லா நிலையலைகளும் அழுத்தம் கூடி நிற்பது அங்கேதான், குறுக்கே வைத்தால் பின்னால் ஆழமும் கிடைக்கும்.

சத்தம் வெளியே போகாது என்று நம்புவது

போகும். அதைத் தடுக்க எடை வேண்டும், சந்தில்லாத அடைப்பு வேண்டும். கதவுக்கடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் முதலில் அதை அடையுங்கள்.

கண்ணாடி பிடித்துப் பார்க்காமல் மாட்டுவது

நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், ஒருவர் பக்கச்சுவரில் கண்ணாடியை நகர்த்தட்டும். ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே பட்டுத்தான் அதன் ஒலி உங்கள் காதுக்குத் திரும்புகிறது. அங்கே பேனல். கூரைக்கும் இதே கணக்குதான்.

ஃபோமுக்குப் பெயின்ட் அடிப்பது

துளை அடைபடும். வேண்டாம்.

பேனலைப் போர்த்தப் பார்க்க அழகான துணி

வாயை வைத்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கம் போகாவிட்டால் பேனலுக்கு ஆகாது.