7 எம்எம் பிஆர்சி ரீலோடிங்: தோளை அளக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது

தொலைதூர இலக்குச் சுடுதலில் புதிதாக இறங்கும் நண்பர்கள் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்கிறார்கள். புதிதாக வந்த 7 எம்எம் பிஆர்சி தோட்டாவுக்கான ரைஃபிள் வாங்கலாமா? வாங்கினால் அதற்குத் தோட்டாவை நாமே தயாரித்துக்கொள்ள (அதாவது ரீலோடிங் செய்ய) முடியுமா? இரண்டுக்கும் சேர்த்து இந்தப் பதிவு.

தொடங்குமுன் சட்டம். நான் எழுதுவது அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு. இங்கே சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய அரசின் உரிமம் வேண்டாம். விற்பதற்காகத் தயாரித்தால் வேண்டும். உங்கள் மாநில விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதைத் தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது?

1000 கஜத்துக்குள் காகித இலக்கும் இரும்புத் தகடும்தான் உங்கள் நோக்கம் என்றால் 6.5 கிரீட்மூர் வாங்குங்கள். ஹார்னடி நிறுவனம் 2007-ல் கொண்டுவந்தது. உதைப்பு குறைவு, பேரல் அதிக நாள் உழைக்கும், எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும். ரீலோடிங் கற்றுக்கொள்ளவும் அதுதான் நல்லது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

எல்க் (பெரிய மான்) வேட்டைக்கும் போவேன், 1000 கஜத்தைத் தாண்டியும் சுடுவேன் என்பவர்களுக்கு 7 எம்எம் பிஆர்சி. இதுவும் ஹார்னடியின் வேலைதான், 2022-ல் வந்தது. 1962-லிருந்து இருக்கும் 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் போதாதா என்று கேட்பார்கள். அந்தக் காலத்துத் தோட்டா அந்தக் காலத்துக் குண்டுகளுக்காக வடிவமைக்கப்பட்டது. அதன் கேஸ் (பவுடரை அடக்கும் பித்தளைக் கூடு) நீளம் 2.500 அங்குலம், தோட்டாவின் மொத்த நீளம் 3.290. ஆக, கேஸுக்கு வெளியே குண்டுக்குக் கிடைக்கும் இடம் 0.790 அங்குலம்தான். பிஆர்சியில் கேஸ் 2.280, மொத்தம் 3.340, வெளியே 1.060 அங்குலம். இன்றைய நீளமான, கூர்மையான குண்டுகள் பவுடரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் உட்கார இந்த இடம் வேண்டும். அந்தக் குண்டுகள் காற்றில் நிலையாகச் சுழல பேரலின் உட்பள்ளங்கள் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும் முறுக்கும் பிஆர்சியில் தொடக்கத்திலிருந்தே உண்டு. பழைய மேக்னம் ரைஃபிள்கள் பலவற்றில் அது 9 அல்லது 9.5 அங்குலம்.

இன்னொரு வித்தியாசம் பெல்ட். ரெமிங்டன் மேக்னம் கேஸின் அடியில் ஒரு பட்டை இருக்கும், அதுதான் சேம்பரில் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) தட்டி நிற்கும். பிஆர்சியில் பட்டை கிடையாது. கேஸ் தன் தோளால், அதாவது கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவால், சேம்பரில் நிற்கிறது. கீழே நான் தோளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

வாங்க வேண்டியவை

பிரஸ் (கேஸை டைக்குள் அழுத்தும் நெம்புகோல் கருவி) எதுவானாலும் பரவாயில்லை, கனமாக இருந்தால் போதும். ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். டைக்கு (கேஸைச் சுருக்கும் அச்சு) ரெட்டிங் அல்லது ஃபார்ஸ்டர். அளவியில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், மிட்டுடோயோ காலிப்பர் வாங்குங்கள். மலிவான டிஜிட்டல் காலிப்பர் ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ அங்குலம் மாறிக் காட்டும். நாம் பிடிக்கப் பார்க்கும் வித்தியாசமே அவ்வளவுதான். கேஸின் அடியிலிருந்து தோள் வரை அளக்க, காலிப்பரில் மாட்டும் ஹார்னடியின் ஹெட்ஸ்பேஸ் கம்பாரேட்டர் செட் கட்டாயம். வேகமானிக்கு 2023-ல் வந்த கார்மின் ஸீரோ. உள்ளங்கை அளவுதான், பெஞ்சில் வைத்தால் வேலை செய்கிறது.

பிராஸ் (காலிக் கேஸ்) என்றால் ஏடிஜி அல்லது பீட்டர்சன். அந்த விலை கொடுக்க மனமில்லையென்றால் ஹார்னடி தயார் தோட்டா இரண்டு பெட்டி வாங்கி, உங்கள் ரைஃபிளிலேயே சுட்டு, அந்தக் கேஸ்களை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் ரைஃபிளில் சுட்டு விற்கும் பிராஸ் வேண்டாம்.

பவுடரில் என் தேர்வு ஹாட்ஜ்டன் எச்1000. ஆஸ்திரேலியாவில் தயாராவது. வெயில் ஏறினாலும் வேகம் பெரிதாக மாறாது. ரீலோடர் 26 அதைவிட வேகம் தரும், ஆனால் காலைக் குளிரில் எழுதிய எண்ணும் மத்தியான வெயிலில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது. டெக்ஸாஸ் மாதிரி ஊரில் எனக்கு அது ஒத்துவராது. பவுடரைப் பற்றவைக்கும் ப்ரைமர், நீங்கள் பின்பற்றும் பவுடர் அளவு அட்டவணையில் எது இருக்கிறதோ அதுதான். பெரும்பாலும் ஃபெடரல் 215 போன்ற பெரிய ரைஃபிள் மேக்னம் ப்ரைமர்.

படி 1: அட்டவணை

எத்தனை கிரெயின் (எடை அளவு) பவுடர் என்று இந்தப் பதிவில் எழுதமாட்டேன், கேட்டாலும் சொல்லமாட்டேன். பவுடர் அளவை ஹாட்ஜ்டன், ஹார்னடி போன்ற தயாரிப்பாளர்கள் வெளியிட்ட அட்டவணையிலிருந்து மட்டும் எடுங்கள். அதே குண்டு, அதே பவுடர், தொடக்க அளவிலிருந்து. இந்தத் தோட்டா 2022-ல் வந்தது என்பதால் அதற்கு முன் அச்சான கையேடுகளில் இது இருக்காது. 'இதுவும் 7 எம்எம்தானே' என்று ரெமிங்டன் மேக்னத்தின் எண்களை எடுத்துக்கொள்ளாதீர்கள். கேஸின் உள்ளளவு வேறு, அழுத்தம் வேறு மாதிரி ஏறும். பிஆர்சியின் உச்ச அழுத்த வரம்பு 65,000 பிஎஸ்ஐ. அந்த அழுத்தம் உங்கள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்தான் உருவாகிறது.

படி 2: தோளை அளப்பது

ரீலோடிங் கற்றபோது நான் அதிகம் திணறியது இங்கேதான். யாரும் இதை நிதானமாகச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

சுட்ட கேஸ் விரிந்து சேம்பரின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. மறுபடி பயன்படுத்த அதை டைக்குள் அழுத்திச் சுருக்க வேண்டும், தோளையும் கொஞ்சம் பின்னே தள்ள வேண்டும். எவ்வளவு? ஆயிரத்தில் இரண்டு, அதாவது 0.002 அங்குலம். குறைவாகத் தள்ளினால் போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் பூட்டு) மூடாது. அதிகமாகத் தள்ளினால் ஒவ்வொரு முறை சுடும்போதும் கேஸ் நீண்டு, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே உட்புறம் மெலிந்து, ஒருநாள் அங்கேயே அறுந்துவிடும்.

டையோடு வரும் காகிதத்தில் 'டை ஷெல்ஹோல்டரை (பிரஸில் கேஸின் அடியைப் பிடிக்கும் துண்டு) தொடும்வரை இறக்கி, மேலும் கால் சுற்று திருப்புங்கள்' என்று இருக்கும். எந்த ரைஃபிளிலும் நுழையும் தோட்டா வேண்டுமென்றால் அது சரி. உங்கள் ஒரே ரைஃபிளுக்கு அப்படிச் செய்தால் தோள் தேவைக்கு மேல் பின்னே போய்விடும்.

அளக்கும் முறை இது. சுட்ட கேஸின் ப்ரைமரை முதலில் தட்டி எடுத்துவிடுங்கள். சுட்ட ப்ரைமர் அடியில் லேசாகப் புடைத்திருக்கும். அதோடு சேர்த்து அளந்தால் எண் பொய். கேஸ் வாயில் பிசிறு இருந்தால் அதையும் தேய்த்துவிடுங்கள். பிறகு கம்பாரேட்டரில் வைத்து, கேஸை லேசாகச் சுழற்றியபடி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாறு கேஸ் அளந்து, அவற்றில் பெரிய எண்ணை எடுங்கள்.

இப்போது டையை ஷெல்ஹோல்டரிலிருந்து ஒரு சுற்று மேலே வைத்து, கேஸுக்கு மசகு தடவி, அழுத்தி, அளந்து பாருங்கள். எண் குறைந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். குறையாது, கூடியிருக்கும்! பலர் இங்கேதான் டை கெட்டுப்போச்சு என்று கடைக்குப் போன் செய்கிறார்கள். டை நன்றாகத்தான் இருக்கிறது. அது முதலில் கேஸின் உடம்பைப் பக்கவாட்டில் நெருக்குகிறது. பற்பசைக் குழாயை நடுவில் அழுத்தினால் பசை மேலே வருவதுபோலப் பித்தளை மேல்நோக்கி நகர்ந்து தோளை முன்னே தள்ளுகிறது. டை இன்னும் தோளையே தொடவில்லை. இந்த நிலையில் அந்தக் கேஸைச் சேம்பரில் போட்டால் போல்ட் முன்பைவிடக் கடினமாக மூடும்.

பயப்படாமல் டையை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். ஒரு சுற்றில் பதினாறில் ஒரு பங்கு, அப்புறம் அளவு, மறுபடி அதே. ஏறிய எண் ஓரிடத்தில் நின்று, பிறகு இறங்கத் தொடங்கும். நீங்கள் எழுதிவைத்த எண்ணைவிட 0.002 குறையும் இடத்தில், டையை நகராமல் பிடிக்கும் லாக் ரிங்கை இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் நெம்புகோலை அடியில் இரண்டு மூன்று விநாடி பிடித்து நிறுத்துங்கள். பித்தளை திரும்ப விரிவது சீராகும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒருமுறை மட்டும் சுட்ட கேஸ் சேம்பரை முழுதாக நிரப்பியிருக்காது. இரண்டு மூன்று முறை சுட்ட பிறகுதான் தோள் முழுதாக முன்னே போகும். ஆகவே முதல் முறை எடுத்த எண்ணிலிருந்து 0.002 தள்ளினால், உண்மையில் சேம்பரிலிருந்து 0.004 கூட இருக்கலாம். புது பிராஸில் முதல் முறை தோளைத் தள்ளவே வேண்டாம், போல்ட் லகுவாக மூடினால் போதும். மூன்றாவது சுடுதலுக்குப் பிறகு எடுக்கும் எண்ணை டைப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். இனி அதுதான் உங்கள் அடிப்படை எண்.

டையைத் திருகித் திருகி நேரம் போகிறது என்றால் ரெட்டிங்கின் காம்பெடிஷன் ஷெல்ஹோல்டர் செட் வாங்குங்கள். ஆயிரத்தில் இரண்டு இரண்டாக உயரம் கூடும் ஐந்து ஷெல்ஹோல்டர்கள் இருக்கும். டை நன்றாகத் தொட்டு நிற்கும், ஷெல்ஹோல்டரை மாற்றினால் தோள் அளவு மாறும். நான் இப்போது இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

படி 3: பவுடரும் குண்டும்

இது எளிது, கவனம்தான் வேண்டும். மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா. கேஸ்களை ட்ரேயில் வைத்து, பவுடர் போட்டதும் டார்ச் அடித்து எல்லாவற்றிலும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், அப்புறம்தான் குண்டு. முதலில் அட்டவணையில் உள்ள நீளத்திலேயே உட்கார வையுங்கள். குண்டு ரைஃப்ளிங்கை (பேரலின் உட்பள்ளங்கள்) தொடும் அளவுக்கு வெளியே வைத்துத் தொடங்க வேண்டாம், அழுத்தம் ஏறும். ஹார்னடி ஈஎல்டி-எம் குண்டுகள் சற்றே தாவி நுழைவதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை என்பது என் அனுபவம்.

படி 4: ரேஞ்சில்

தொடக்க அளவிலிருந்து சிறு சிறு படிகளாக மேலே போங்கள். போல்ட் தூக்கக் கனத்தால், கேஸ் அடியில், அதை வெளியே தள்ளும் எஜெக்டரின் பளபளப்பான தடம் விழுந்தால், அங்கேயே நிறுத்துங்கள். அட்டவணை சொல்லும் உச்ச வேகத்தை அதைவிடக் குறைந்த பவுடரில் எட்டிவிட்டாலும் நிறுத்துங்கள். வேகம் சும்மா வராது, அழுத்தம்தான் அதைத் தருகிறது. ஹார்னடியின் 180 கிரெயின் தயார் தோட்டா 24 அங்குலப் பேரலில் விநாடிக்கு 2975 அடி என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. அதைத் தாண்டிப் போகத் துடிக்க வேண்டாம்.

ஐந்து தோட்டா சுட்டு, வேகம் எவ்வளவு சிதறுகிறது என்பதைக் காட்ட 'திட்ட விலக்கம் 8 அடிதான்' என்று படம் போடுபவர்களைப் பார்த்து நீங்கள் மனம் தளர வேண்டாம். ஐந்து சுடுதலில் 8 வந்தால் உண்மையான எண் 5-லிருந்து 23 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். புள்ளியியல் அவ்வளவுதான் சொல்லும். இருபது சுட்டு 8 வந்தால் அது 6-க்கும் 12-க்கும் நடுவில் என்று ஓரளவு நம்பலாம். இரண்டு வேறு பவுடர் அளவுகளை மூன்று மூன்று தோட்டா சுட்டு ஒப்பிடுவது பவுடரை வீணடிப்பது. இந்த எண் ஏன் முக்கியம் என்றால், விநாடிக்கு 30 அடி வித்தியாசம் 1000 கஜத்தில் சுமார் 5 அங்குலம் மேலே கீழே காட்டும். 300 கஜத்தில் அதைக் கவனிக்கவே மாட்டீர்கள்.

பிறகு சேர்த்தது

பதிவைப் படித்துவிட்டு ஒருவர் என் கம்பாரேட்டர் எண்ணைக் கேட்டிருந்தார். அது உங்களுக்கு உதவாது. அந்தக் கருவி ஒப்பிடத்தான், இரண்டு செட்டுகள் ஒரே கேஸுக்கு வேறு வேறு எண் காட்டும். உங்கள் கருவியில், உங்கள் கேஸில் வரும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

தோளைச் சரியாக 0.002 தள்ளியும் போல்ட் கனமாக இருக்கிறது என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். முதலில் கேஸ் நீளத்தைப் பாருங்கள், 2.280-ஐத் தாண்டியிருந்தால் வெட்டிச் சரிசெய்ய வேண்டும். நீளம் சரி என்றால், கேஸ் முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்பாகப் பூசி, ப்ரைமரும் பவுடரும் இல்லாத வெறும் கேஸாகச் சேம்பரில் போட்டு எடுங்கள். மை எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே தேய்ந்திருந்தால் உங்கள் டை அந்த இடத்தைப் போதுமான அளவு நெருக்கவில்லை என்று அர்த்தம். அடிப்பகுதியை இன்னும் இறுக்கமாகச் சுருக்கும் ஸ்மால் பேஸ் டை தேவைப்படும். சுட்ட பிறகு போல்ட்டைத் தூக்கும்போது உச்சியில் 'டிக்' என்று இடறுவதும் பல சமயம் இதனால்தான். ஆனால் டை வாங்குமுன் பவுடரை ஒரு படி குறைத்துச் சுட்டுப் பாருங்கள். இடறல் போய்விட்டால் அது டையின் குறையில்லை, அழுத்தம் அதிகம். அந்த அளவிலேயே இருந்துவிடுங்கள்.

மசகு பற்றியும் கேட்டிருந்தார்கள். ஸ்ப்ரே என்றால் அடித்து ஐந்து நிமிடம் உலரவிட்ட பிறகே அழுத்துங்கள், இல்லாவிட்டால் கேஸ் டைக்குள் சிக்கிக்கொள்ளும். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இம்பீரியல் மெழுகு. விரல் நுனியில் தொட்டு கேஸின் உடம்பில் மட்டும் பூசுங்கள். தோளில் பூசினால் மெழுகு டைக்குள் தேங்கிப் பித்தளையில் பள்ளம் விழும், உங்கள் 0.002-உம் கேஸுக்குக் கேஸ் மாறும்.