கிளிஞ்சலில் ஓட்டை போட்டது யார்? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

சேலத்தில் கடல் இல்லை. ஆனால் கன்னியாகுமரி போய் வந்த வீடுகளில் ஒரு பை கிளிஞ்சலாவது கிடக்கும். அதைக் கொட்டிப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில், சுத்தமான வட்டமாக ஒரே ஒரு ஓட்டை இருந்தால், பெரும்பாலும் அது ஒரு கடல் நத்தை வேட்டையாடிய தடம்.

முதலில் வெறும் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். எலுமிச்சை, வினிகர் வேண்டவே வேண்டாம். ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து, புளிப்பு பட்டால் கரையும். எலுமிச்சையில் போட்டு எடுத்த என் முதல் கிளிஞ்சலில் ஓட்டையின் விளிம்பே மழுங்கிவிட்டது.

அடுத்து லென்ஸ். செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பாவிடம், கண்ணில் சொருகிப் பார்க்கும் லென்ஸை நான் வாங்கி வந்தேன். சாதாரண பூதக்கண்ணாடியும் போதும்.

வெளிச்சத்தில் சாய்த்து ஓட்டையின் சுவரைப் பாருங்கள். வெளிப்பக்கம் அகன்று, கிண்ணம் போல உள்ளே குறுகினால் அது மணலில் வாழும் நிலா நத்தையின் வேலை. சுவர் ஏறக்குறைய நேராக இறங்கினால் பாறைக் கரையில் வாழும் முட்சங்குக் குடும்பம் என்று எடுத்துக்கொள்ளலாம். சல்லடை மாதிரி நிறைய பொடி ஓட்டைகள் இருந்தால் நத்தை இல்லை, ஓடுகளைக் குடையும் கடற்பஞ்சு என்ற கடல் உயிரி.

முட்சங்குக் குடும்பத்தில் விஞ்ஞானிகள் நெடுங்காலம் கவனித்தது, வட அட்லாண்டிக் பாறைகளில் வாழும் டாக் வெல்க் என்ற நத்தை. சிப்பிமேல் ஏறி உட்காரும். பாதத்திலுள்ள ஓர் உறுப்பு சுரக்கும் திரவத்தில் சிப்பியின் ஓடு இளகும், அரம் போன்ற நாக்கு அதைச் சுரண்டும். இளக்குவது, சுரண்டுவது என்று மாறி மாறி நடக்கும். ஒரு சிப்பியைத் துளைத்துத் தின்று முடிக்க நாள் கணக்கில் ஆகும். துளை விழுந்ததும் நீண்ட குழல்வாயை உள்ளே விட்டு, சதையைக் கரைத்து உறிஞ்சிவிடும். சிப்பிகளும் சும்மா இருப்பதில்லை! பாறையைப் பற்றிக்கொள்ளும் தங்கள் நார்களாலேயே நத்தையைக் கட்டிப்போடும். கட்டுப்பட்ட நத்தை பட்டினியில் சாவதும் உண்டு.

அதனால் பாதியில் நின்ற குழிகளையும் தேடுங்கள். எனக்கு முழு ஓட்டையைவிட அவைதான் பிடிக்கும். அந்தச் சிப்பி அன்றைக்குத் தப்பித்திருக்கிறது.

அப்புறம், எந்தக் கரை, பாறையா மணலா, எந்தத் தேதி என்று துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி, கிளிஞ்சலோடு தீப்பெட்டிக்குள் வையுங்கள். அடுத்த முறை கடலுக்குப் போனால் காலி ஓடுகளை மட்டும் எடுங்கள். உள்ளே துறவி நண்டு குடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.