வானொலிப் பேட்டிக்கு அழைக்கப்பட்ட சிறுதொழில் முதலாளிக்கு

கொட்டாஞ்சேனையில் கறித்தூளும் மிளகாய்த்தூளும் வறுத்து அரைத்துப் பொதிசெய்து விற்கும் சிறிய தொழில் ஒன்றை நடத்துகிறேன். கடன் கேட்டு வங்கி முகாமையாளரின் முன் அமர்ந்தபோதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லாமல் வந்து வாசலில் நின்றபோதும் நடுங்காத என் கை, தமிழ் வானொலி நிலையம் ஒன்றிலிருந்து "வருகிற புதன்கிழமை காலை நிகழ்ச்சிக்கு ஒரு பேட்டி தருவீர்களா?" என்று கேட்ட அன்று நடுங்கியது. அதன் பின் மூன்று தடவை வானொலியில் பேசிவிட்டேன். முதல் தடவை மோசமாக, இரண்டாம் தடவை சுமாராக, மூன்றாம் தடவை ஓரளவு நன்றாக. தையல்கடையோ பேக்கரியோ அச்சகமோ நடத்திக்கொண்டு, அதே அழைப்பு வந்து, இரண்டு நாட்களாகச் சோறு இறங்காமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அழைப்பை வைப்பதற்கு முன்

பயத்தில் பாதி, என்ன நடக்கப்போகிறது என்று தெரியாததால் வருவது. ஆகவே "சரி, வருகிறேன்" என்று அவசரமாகச் சொல்லி அழைப்பை வைத்துவிடாமல் தயாரிப்பாளரிடம் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நேரடி ஒலிபரப்பா, ஒலிப்பதிவா? கலையகத்துக்கு வர வேண்டுமா, தொலைபேசியில் பேசினால் போதுமா? எத்தனை நிமிடம்? இடையில் நேயர்களின் அழைப்புகள் எடுக்கப்படுமா? கட்டணம் ஏதும் உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், ஏனெனில் பேட்டி என்று சொல்லப்படுவது சில வேளைகளில் விலைக்கு வாங்கும் விளம்பர நேரமாக இருக்கும். அதில் தவறில்லை, ஆனால் அது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

கேள்விகளை எழுதி அனுப்பும்படி கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுதிய கேள்வி கையில் கிடைத்தால் எழுதிய பதிலைத் தயாரிப்போம், அதை மனப்பாடம் செய்வோம், அறிவிப்பாளர் ஒரு சொல்லை மாற்றிக் கேட்டதும் அத்தனையும் கலைந்துவிடும். "எதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள்.

யாருடைய தமிழில் பேசுவது?

எங்களுடைய நடுக்கத்தின் வேர் இந்தக் கேள்வியில் இருக்கிறது என்பது என் எண்ணம். 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் தொடங்கிய வானொலி, பின்னர் ரேடியோ சிலோனாகவும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகவும் மாறிய காலமெல்லாம், எஸ்.பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்றவர்களின் உச்சரிப்பைக் கேட்டுக் கேட்டே எங்கள் வீடுகளில் காது வளர்ந்தது. வானொலி என்றால் அந்தத் தமிழ்தான் என்று மனத்தில் பதிந்துவிட்டது. ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தவுடன், வாழ்நாளில் ஒருபோதும் பேசியிராத ஒரு தமிழில் பேசத் தொடங்குகிறோம். வாக்கியத்தின் நடுவில் வினைமுற்று எங்கே என்று தேடுகிறோம். தேடும்போது பொருள் கைநழுவிப் போகிறது.

என் முதல் பேட்டியில் நடந்தது இதுதான். "இத்தொழிலை எவ்வாறு ஆரம்பித்தீர்கள்?" என்று கேட்டார்கள். நான் அப்பப்பாவின் காலத்திலிருந்து, செந்தமிழில், ஆரம்பித்தேன். அவர் ஊரில் வைத்திருந்த உரலைக் கடந்து கொழும்புக்கு ரயில் ஏறுவதற்குள் பாடலுக்கான நேரம் வந்துவிட்டது. பாடல் முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் தூள் விற்கிறேன் என்பதே கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாம் தடவைக்கு முன், என் பதிலைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து மருமகளிடம் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"மாமி, இது நீங்கள் கதைக்கிற மாதிரியே இல்லை. ஆரோ செய்தி வாசிக்கிற மாதிரிக் கிடக்கு."

"அப்ப என்னடி செய்யச் சொல்லுறாய்?"

"கடைக்கு வாற சனத்துக்குச் சொல்லுவீங்கள்தானே, அதை அப்பிடியே சொல்லுங்கோ."

அவள் சொன்னது சரி. அழகாக உச்சரிப்பது அறிவிப்பாளரின் தொழில், அதற்குத்தான் அவர் இருக்கிறார். உங்களை அழைத்தது உங்கள் தொழிலை நீங்கள் அறிந்திருப்பதற்காக. யாழ்ப்பாணத்துப் பேச்சோ, மலையகத்துப் பேச்சோ, புறக்கோட்டை முஸ்லிம் வியாபாரியின் பேச்சோ, அந்நியர் ஒருவர் கடைக்கு வந்தால் சற்று மரியாதையாகவும் தெளிவாகவும் பேசுவீர்கள் அல்லவா, அந்த அளவு போதும். பக்கெட்டைப் பொதி என்று மாற்றிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஊருக்கு ஊர் மாறும் சொல்லை மட்டும் ஒருமுறை விளக்கிவிடுங்கள்: "செத்தல் மிளகாய், அதாவது காய்ந்த மிளகாய்."

பதிவில் உங்கள் குரல் மெலிந்து, வேறொருவருடையதுபோல் கேட்பதைக் கண்டு மனம் தளர வேண்டாம். பேசும்போது எங்கள் குரலைக் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் கேட்கிறோம். அந்த எலும்பு குரலின் கனத்தைக் கூட்டிக் காட்டுகிறது. மற்றவர்கள் எப்போதுமே கேட்டு வந்தது பதிவில் உள்ள குரலைத்தான், ஆகவே அவர்களுக்கு அது புதிதல்ல.

எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது

எத்தனை கேள்வி வந்தாலும் நீங்கள் சொல்லிவிட்டு வர வேண்டியவை மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. எனக்கு அவை: நாங்கள் என்ன செய்கிறோம், எங்கள் தூள் எதனால் வேறுபட்டது, எங்கே கிடைக்கும். பத்து நிமிட நிகழ்ச்சியில் அறிமுகமும் விளம்பரமும் பாடலும் போக உங்களுக்கு ஐந்தாறு நிமிடங்களே மிஞ்சும் என்பதால், முக்கியமானதை முதல் பதிலிலேயே சொல்லிவிடுங்கள்; அப்பப்பா பிறகு வரலாம். ஒரு பதில் அரை நிமிடத்துக்கும் முக்கால் நிமிடத்துக்கும் இடையில் முடியும்படி கடிகாரத்தைப் பார்த்துப் பழகுவது, கண்ணாடியின் முன் நின்று பழகுவதைவிடப் பயன் தரும்.

வேறுபாட்டைப் பெயரடைகளால் விளக்க முயலாதீர்கள். "தரமான, சுவையான, சுத்தமான" என்று சொல்லாத வியாபாரி இல்லை. அந்தச் சொற்கள் காதில் விழுவதில்லை. வானொலியில் நிறத்தைக் காட்டவும் முடியாது, வாசனையை அனுப்பவும் முடியாது, ஆனால் செய்முறையைக் காட்டலாம். மூன்றாம் பேட்டியில் நான் இப்படிச் சொன்னேன்: "மல்லியை முதலில் தனியாக வறுப்போம். அது பொன்னிறத்தைத் தாண்டி மண்ணிறத்துக்கு வரும்போது இறக்கிவிட வேண்டும், அரை நிமிடம் பிந்தினால் கறி கைக்கும். கறிவேப்பிலையைக் கையில் நொறுக்கினால் சருகுபோலச் சத்தம் கேட்க வேண்டும், அதுவரை வறுப்போம்." அறிவிப்பாளர் அடுத்த கேள்வியை விட்டுவிட்டு, தன் அம்மாவும் அப்படித்தான் நொறுக்கிப் பார்ப்பார் என்றார். அந்த இடத்தில்தான் பேட்டி உரையாடலாயிற்று, என் பதற்றமும் போயிற்று.

அதேபோல, பட்ட கஷ்டத்தைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். அதற்கு ஒரு சம்பவத்தைத் தயாராக வைத்திருங்கள். எனக்கு இரண்டு உண்டு. 2020இல், இறக்குமதித் தடைக்குப் பின், மஞ்சளின் விலை பல மடங்காக ஏறியபோது, தூளில் மஞ்சளைக் குறைப்பதா, விலையைக் கூட்டுவதா என்று இரவு முழுதும் கணக்குப் பார்த்துவிட்டு, விலையைக் கூட்டி அதைப் பக்கெட்டின் மேலேயே எழுதி ஒட்டினேன். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது, மின்சாரம் எந்நேரம் வருகிறதோ அந்நேரத்தில், நள்ளிரவானாலும், எழுந்து அரைத்தோம். கேட்பவர்களும் அதே காலத்தை அதே நகரத்தில் கடந்து வந்தவர்கள், ஆகவே நீட்டி விளக்கத் தேவையில்லை. இரண்டு வாக்கியம் போதும். அழுகையோ குற்றச்சாட்டோ கலக்காமல் சொன்னால் இன்னும் நல்லது.

சிக்க வைக்கும் கேள்விகளும் வரும், பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லாமலே. "மாதம் எவ்வளவு உழைக்கிறீர்கள்?" என்று கேட்டால் தொகை சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர் நீங்கள், "நான்கு பேருக்குச் சம்பளம் கொடுத்து, கடனையும் கட்டும் அளவுக்கு" என்பது முழுமையான பதில். பெரிய நிறுவனங்களின் தூளைப் பற்றிக் கேட்டால் அவர்களைத் தாழ்த்தாமல் உங்கள் செய்முறைக்கே திரும்புங்கள். எனக்கு வந்தவற்றுள் மிகவும் ஆபத்தான கேள்வி ஒரு நேயரிடமிருந்து வந்தது: "உங்கட தூள் சீனி வருத்தத்துக்கு நல்லதாமே?" ஆம் என்று தலையாட்ட ஆசையாக இருந்தது. ஆனால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உணவுப்பொருளைப் பற்றித் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தடைசெய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, என் பேச்சைக் கேட்டு ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டால் அந்தப் பழியை யார் சுமப்பது? "இது கறிக்குப் போடும் தூள், ஐயா. வருத்தத்துக்கு வைத்தியரைத்தான் கேட்க வேண்டும்" என்றேன். விலையைச் சொல்ல நேர்ந்தால் "இந்த மாத விலை" என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஒலிப்பதிவு எப்போது மறுஒலிபரப்பாகும் என்பது உங்கள் கையில் இல்லை.

இவற்றையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போகாதீர்கள், தாள் புரளும் சத்தம் ஒலிவாங்கியில் நெருப்புப் பிடித்ததுபோல் கேட்கும். தடித்த அட்டை ஒன்றில் மூன்று சொற்களும் தேவையான எண்களும் போதும்.

அன்றைய தினம்

காலி வீதி நெரிசலை நம்பிக் கடைசி நேரத்தில் புறப்படுவது பதற்றத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். அரை மணி நேரம் முன்னதாகவே வாசலில் இருங்கள். தேசிய அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள், பாதுகாப்பு உத்தியோகத்தர் கேட்பார். கலையகத்தில் குளிரூட்டி கடுமையாக இருக்கும் என்பதால் ஒரு சால்வை உதவும். வளையல்களைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். காலையில் எண்ணெய்ப் பலகாரமும் தயிரும் வேண்டாம். இரண்டு இடியப்பத்துடன் நிறுத்தி, குளிரில்லாத தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

வாய் உலர்வதும் நெஞ்சு படபடப்பதும் உங்கள் கோழைத்தனம் அல்ல. ஆபத்து வந்துவிட்டதாக உடல் எண்ணி அட்ரினலினைச் சுரக்கிறது. உமிழ்நீர் குறைகிறது, மூச்சு மேலேயே நின்றுவிடுகிறது. இதற்கு நான் கண்ட எளிய கைமருந்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுவது: நான்கு எண்ணி இழுத்து, ஏழு அல்லது எட்டு எண்ணி மெதுவாக விடுங்கள். ஐந்தாறு தடவை செய்தால் இதயத் துடிப்பு தணியும். காத்திருக்கும் அறையில் செய்யலாம், யாருக்கும் தெரியாது.

ஒலிவாங்கி முகத்துக்கு நேரே ஒரு கையகலத்துக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருந்தால் போதும். ஒலிப்பதிவாளர் சரிசெய்து வைத்த பிறகு அதைத் தொடாதீர்கள். "ப" வரும் சொற்கள் ஒலிவாங்கியில் வெடிக்கும் என்பதால் சற்றே பக்கவாட்டில் பேசுவது நல்லது. சிவப்பு விளக்கு எரியும்போது மேசையைத் தட்டக்கூடாது. விளக்கு அணைந்துவிட்டது என்று நிச்சயமாகத் தெரியும்வரை, முடிந்ததே என்று நிம்மதிப் பெருமூச்சும் விடக்கூடாது.

தொலைபேசிப் பேட்டியானால் ஏற்பாடு வேறு. அரைக்கும் இயந்திரத்தையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். திரைச்சீலையும் மெத்தையும் உள்ள அறை எதிரொலியைக் குடித்துவிடும், ஆகவே படுக்கையறை நல்ல கலையகம். ஒலிபெருக்கி முறையில் போடாமல் காதோடு வைத்துப் பேசுங்கள். வீட்டில் வானொலி ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் குரலே சற்றுப் பிந்தித் திரும்பி வந்து நாவைக் கட்டிப்போடும். நேயர்களிடம் வானொலிப் பெட்டியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அறிவிப்பாளர்கள் மன்றாடுவது அதனால்தான்.

பேசும்போது மனம் வெறுமையாகிவிட்டால் "கேள்வியை இன்னொரு தடவை கேட்பீர்களா?" என்று கேட்பதில் வெட்கமில்லை. பெயரையோ எண்ணையோ பிழையாகச் சொல்லிவிட்டால் "இல்லை, பிழையாகச் சொல்லிவிட்டேன்" என்று திருத்திவிட்டு மேலே போங்கள், மன்னிப்புக் கேட்டு நேரத்தைக் கரைக்க வேண்டாம். இடத்தை முகவரியாகச் சொல்வதைவிட அடையாளமாகச் சொல்லுங்கள்: "புனித லூசியா பேராலயத்துக்குப் போகிற வழியில்" என்றால் பஸ்ஸில் இருப்பவருக்கும் மனத்தில் நிற்கும். தொலைபேசி இலக்கத்தை மெதுவாக, இரண்டு தடவை சொல்லுங்கள்; சமைத்துக்கொண்டிருப்பவர் பேனையைத் தேட நேரம் வேண்டும்.

அந்த இலக்கம் யாருடைய கையில் இருக்கிறது என்பதையும் முதலே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பேட்டியில் எல்லாம் நன்றாக முடிந்து, அறிவிப்பாளருக்கு நன்றி சொல்லி, ஒலிப்பதிவின் பிரதி ஒன்றைத் தரும்படியும் கேட்டுவிட்டு, பிளேன்டி குடித்து ஆறுதலாகக் கடைக்குத் திரும்பினேன். வாசலில் நின்ற மருமகள், "மாமி, ஒருத்தருக்கும் லைன் கிடைக்கேல்லையாம், கடைக்கு நேரே வந்து கேட்கினம்" என்றாள். கலையகத்துக்குள் நுழையும்போது அணைத்து வைக்கச் சொன்ன அதே கைத்தொலைபேசியின் இலக்கத்தைத்தான் நான் இரண்டு தடவை, மிக மெதுவாக, தெளிவாகச் சொல்லியிருந்தேன். அது இன்னும் என் பையின் அடியில், வளையல்களுக்குக் கீழே, அணைந்தபடியே கிடந்தது.